வன்னியிலிருந்து மலைநாட்டுக்கு: பழைய லொறியை வீட்டு முற்றத்தில் தயார்ப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போவதற்காக எங்கள் பழைய கன்டர் லொறியை வீட்டு முற்றத்திலேயே வைத்துத் திருத்தினேன். அதன் பிறகு ஊரில் இரண்டு மூன்று பேர் தங்கள் லொறிகளைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எல்லாரும் பிழைவிட்ட இடம் ஒன்றுதான். ஓடுவதற்கான வேலையை முதலில் செய்தார்கள். நிறுத்துவதற்கான வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளினார்கள்.

வன்னி சமதரை. இங்கே வயலிலிருந்து மில்லுக்கு நெல் ஏற்றி ஓடும் லொறியில் பிறேக் பாதி போயிருந்தாலும், ரேடியேற்றர் பாதி அடைத்திருந்தாலும் சாரதிக்குத் தெரியாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். பேராதனையில் ஏ5 வீதிக்குத் திரும்பி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று போகும்போது ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும், திரும்பி வரும் இறக்கத்தில் பிறேக் கொதிக்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் பிறேக், பிறகு தண்ணீர், மற்றதெல்லாம் அதற்குப் பின். பெயின்றும் பாட்டுப் பெட்டியும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

1. நாள், இடம், சாமான்

பயண நாளுக்கு மூன்று கிழமைக்கு முன் தொடங்குங்கள். வேலை ஒரு கிழமைதான். மிச்ச நாள் சாமான் வந்து சேருவதற்கு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பொதுவான சாமான்கள் கிடைக்கும். கிடைக்காதவை கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். அதுவும் முதல் தடவை பிழையான சைஸ் வந்து, திருப்பி அனுப்பி, மறுபடி வரும்.

கடையில் "கன்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. 4டி30 எஞ்சினா, 4டி31 எஞ்சினா, எந்த ஆண்டு என்று கேட்பார்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். முடிந்தால் கழற்றிய பழைய சாமானையே சாக்கில் போட்டுக்கொண்டு போங்கள். சில்லுக்குள் பிறேக்கைத் தள்ளும் வீல் பம்ப் வெளியில் ஒரே மாதிரித் தெரியும்; அதன் உள்ளளவு ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமாக இருந்தாலும் ரப்பர் நிற்காது.

இடம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். செம்மண் முற்றத்தில் ஜக் வைத்தால் லொறி எழும்பாது, ஜக்தான் மண்ணுக்குள் போகும். கீழே தடித்த பலகை போடுங்கள். தூக்கிய பிறகு முட்டுக் கொடுப்பதற்குப் பாலைக் குற்றியோ முதிரைக் குற்றியோ நல்லது. சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைக்காதீர்கள். மரம் முறிவதற்கு முன் கொஞ்சம் சத்தம் காட்டும். சீமெந்துக் கல் சொல்லாமலே பொடியாகிவிடும்.

2. கழுவுவதற்கு முன் கீழே பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே லொறியைச் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடியைக் கழுவிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எங்கே ஒழுகியது என்ற தடயமெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

முதல் இரவு எஞ்சின், கியர்பெட்டி, டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில், இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்க்கூடு) மூன்றுக்கும் கீழே பழைய கார்ட்போர்ட் மட்டைகளை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புத் துளி இருந்தால் எஞ்சின் ஒயில். தடிப்பாக, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு இருந்தால் கியர் ஒயில். துருநிறத்தில் தண்ணீர் இருந்தால் ரேடியேற்றர் பக்கம். பிறகு டோர்ச் அடித்து நான்கு பக்கச் சில்லுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரயரின் உட்சுவரில் ஈரக்கோடு இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் பிறேக் ஒயிலோ அச்சு ஒயிலோ கசிகிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்த பிறகு கழுவுங்கள்.

3. ஜக்கில் கைவைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

கன்டர் போன்ற பல ஜப்பான் லொறிகளில் ஹான்ட் பிறேக் பின்சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ட்ரம் இருக்கும்; அது கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நடுத்தண்டைப் பிடிக்கும். இரண்டு பின்சில்லுகளும் தரையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒன்றைத் தூக்கிவிட்டால், தூக்கிய சில்லு காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ளது மறுபக்கம் உருள, டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் வழிவிட்டுவிடும். ஹான்ட் பிறேக் இழுத்தபடியே இருக்கும், லொறியும் நகரும்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. வலது பின்சில்லைத் தூக்கி ஸ்பானரை எடுக்கத் திரும்பியபோது லொறி ஒரு சாண் முன்னுக்குப் போனது. ஜக் சாய்ந்தது. அச்சு பொத்தென்று பலகையில் விழுந்தது. திண்ணையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, "இஞ்சேருங்கோ, கால் எங்கை?" என்றுதான் முதலில் கேட்டாள். கால் வெளியில்தான் இருந்தது.

ஆகவே, பின்பக்கத்தைத் தூக்கும்போது இரண்டு முன்சில்லுகளுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கும்போது பின்சில்லுகளுக்கு வையுங்கள். ஜக் தூக்குவதற்கு மட்டுமே. கையோ தலையோ கீழே போவதற்கு முன் குற்றி முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது நட்டு. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடது மரை. அதாவது, நாம் வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் அது கழரும். போல்ற்றின் முனையில் எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்துக் குத்தியிருக்கும். துருவைச் சுரண்டிப் பாருங்கள். ஒரு தம்பி இது தெரியாமல் வீல் ஸ்பானருக்கு நாலடிப் பைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று இரண்டு போல்ற்றை முறித்தான். கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருந்தான், பாவம்.

4. பிறேக்

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரேநேரத்தில் பிரித்தால், ஸ்பிரிங் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க மாதிரி இருக்காது. பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுப்பதும் நல்லது.

ட்ரம் வராவிட்டால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். பழைய ட்ரம்மில் உள்விளிம்பு உயர்ந்திருக்கும், லைனர் (ட்ரம்மில் உரசும் பிறேக் பட்டை) அதில் மாட்டிக்கொள்ளும். முதலில் பின்தட்டில் உள்ள துளை வழியாக, லைனருக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். அப்புறம் ட்ரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். அவற்றில் பொருத்தமான போல்ற்றுகளைப் பூட்டி, மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கினால் ட்ரம் தானே வெளியே வரும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கொம்பிரசராலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

இப்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, லைனரின் தடிப்பு. ரிவெட் தலைக்கும் லைனரின் மேற்பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிறேக் மிதிக்கும்போது லொறி ஒரு பக்கம் இழுக்கும். மலை வீதியில் அந்த ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும்.

இரண்டாவது, வீல் பம்ப். அதன் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல மடித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது ஒழுகத் தொடங்கிவிட்டது. ரப்பர் கிற் போடலாம். உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் கிற் போட்டும் பயனில்லை, பம்ப்பையே மாற்றுங்கள்.

மூன்றாவது, லைனரில் ஒயில். அச்சு ஒயில், அதைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தாண்டி ட்ரம்முக்குள் வந்திருந்தால் அந்த லைனர் முடிந்தது. பெற்றோல் விட்டுக் கழுவி, அரத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு; இரண்டு நாள் பிடிக்கும், சூடேறியதும் உள்ளே ஊறிய ஒயில் மறுபடி மேலே வரும். சீலை மாற்றுவதோடு நிறுத்தவும் கூடாது. பின் அச்சின் மேல் ஒரு சின்னக் காற்றுமூடி இருக்கிறது. வயல் சேறு அதை அடைத்துவிட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். எங்கள் லொறியில் அந்த மூடி எங்கே இருக்கிறது என்பதே சேற்றைச் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு தரம் சீல் மாற்றியிருந்தோம்.

பிறேக் ஒயில். இதைக் கட்டாயம் முழுதாக மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதாக ஆக அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் ட்ரம் சூடேறும்போது உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் கால் கீழே போகும், பிறேக் பிடிக்காது. பிறேக் ஒயில் டாங்கியின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் டொட் 3. சீல் உடைக்காத புதிய போத்தல் வாங்குங்கள். எஞ்சின் ஒயிலோ வேறு ஒயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

பிறேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரில் காற்றுத் திறக்கும் தனி நிப்பிள் இருந்தால் அங்கே தொடங்குங்கள். பிறகு பெடல் தள்ளும் மாஸ்டர் பம்ப்புக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லு, அடுத்தது, கடைசியில் மிகக் கிட்ட உள்ளது. நிப்பிளில் தெளிந்த ரியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிறேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். மேலே மகன், கீழே நான். "மிதி" என்றால் மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு." மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் வந்த காற்றெல்லாம் உள்ளே திரும்பிப் போகும். அவனும் அப்படி எடுத்தான், மூன்று தரம். நாலாவது தரம் போனைப் பிடுங்கித் தாயிடம் கொடுத்தேன், சரிவந்தது. இடையிடையே டாங்கியை நிரப்புங்கள். அது வற்றினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாகப் பூஸ்டர். எஞ்சின் நிற்கும்போது பெடலை நாலைந்து தரம் மிதித்து, மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் கொஞ்சம் தானாக இறங்கினால் வெற்றிடம் வருகிறது. இறங்காவிட்டால் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸோஸ்ட் பிறேக் (புகைக்குழாயை மூடி எஞ்சினால் வேகம் குறைப்பது) உள்ள லொறி என்றால் அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வன்னியில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதால் அதன் தகடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்.

5. தண்ணீர்

எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போடும் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கிறதல்லவா? வருடக்கணக்காக அதே தண்ணீரை ஊற்றிய ரேடியேற்றருக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

எஞ்சின் ஆறிய பிறகு கீழே உள்ள அடைப்பானைத் திறந்து முழுதாக வடியுங்கள். சுத்தமாக வரும்வரை அலசுங்கள். தண்ணீர் நிரப்பி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேற்றரின் முகத்தில் கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓரிடம் சூடாகவும் ஓரிடம் குளிராகவும் இருந்தால் குழாய்கள் அடைத்திருக்கின்றன. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கழற்றி ரேடியேற்றர் வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

வெளிப்பக்கமும் அடைக்கும். நெல் ஏற்றும் லொறியின் ரேடியேற்றர்த் தகடுகளுக்கிடையே உமியும் வைக்கோல் தூசியும் பாய் பின்னியதுபோல் இருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் உமி இன்னும் உள்ளே இறுகும்.

எஞ்சின் சூடேறியதும் ரேடியேற்றருக்கு வழிதிறக்கும் வால்வான தேர்மோஸ்டற்றைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் வரும். "சூடாகிறதா? அதைக் கழற்றி எறி" என்று ஒரு அண்ணர் சொல்வார். எறியாதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போது குறுக்குவழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் கொதிக்கும். சந்தேகம் என்றால் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே வால்வு திறக்க வேண்டும். திறக்கும் வெப்பநிலை அதன் உடம்பிலேயே குத்தியிருக்கும்.

ஹோஸ்களை விரலால் அமத்துங்கள். பஞ்சுபோல் இருந்தாலும் கல்லுப்போல் இருந்தாலும் மாற்றுங்கள். ரேடியேற்றர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீரின் கொதிநிலை உயரும். ஃபான் பெல்ற்றைப் பெருவிரலால் நடுவில் அமத்தினால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும்.

நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடிப்பதற்கு வாங்கும் சுத்திகரித்த தண்ணீரையும் கூலன்ரையும் பாதிக்குப் பாதி கலவுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள்.

எங்களுடையது இரண்டு வரிசை இருக்கை உள்ள கப் (சாரதி இருக்கும் முன்கூடு). அது மடியாது, இருக்கையைத் தூக்கி மூடியைக் கழற்றித்தான் எஞ்சினுக்குப் போகவேண்டும். வேலை முடிந்ததும் அந்த மூடியின் ரப்பர் பட்டியைச் சரியாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் புகையும் சூடும் பின்னால் இருக்கும் பிள்ளைகளிடம்தான் வரும்.

6. டீசல், ஒயில், காற்று

2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றாத லொறி இங்கே குறைவு. டாங்கியின் அடியில் உள்ள போல்ற்றைக் கழற்றி, முதல் இரண்டு லீற்றரைத் தெளிந்த போத்தலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ கறுப்புச் சளியோ நின்றால் முழுதாக வடித்துக் கழுவுங்கள். டீசல் பில்டரை டாங்கியைக் கழுவிய பிறகு மாற்றுங்கள். முதலே மாற்றினால் புதிய பில்டரில் பழைய சளி போய் அடைக்கும். ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுவாங்கும். மாற்றியதும் கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

எஞ்சின் ஒயிலைச் சூடாக இருக்கும்போது வடியுங்கள், பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். கிறவல் வீதியில் ஓடிய லொறியின் காற்று பில்டரைத் தட்டித் தட்டிப் பாவிப்பதை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

7. பற்றறி

இந்த லொறிகளில் பெரும்பாலும் 12 வோல்ற் பற்றறி இரண்டைத் தொடராகப் பூட்டி 24 வோல்ற் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ற் வேண்டும் என்று ஒரு பற்றறியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது மிகப் பழக்கமான பிழை. அந்தப் பற்றறி வற்றும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். ஒரு வருடத்தில் இரண்டும் போய்விடும். 24ஐ 12 ஆக்கும் கொன்வேர்ட்டர் போடுங்கள். பற்றறி மாற்றுவதென்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றும்போது எர்த் வயர் முதலில், பூட்டும்போது அது கடைசியில். எஞ்சின் ஓடும்போது மீற்றர் 27 வோல்ற்றுக்கு மேல் காட்ட வேண்டும். றம்பொடையில் பட்டப்பகலிலும் பனிமூட்டம் இறங்கும், அதனால் பின் விளக்குகளை ஆளை நிறுத்திப் பாருங்கள்.

8. ரயர்

ரயரின் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகள்) நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். வருடக்கணக்காக வெயிலில் நின்ற ரயரின் சுவரில் மயிர்க்கோடு வெடிப்பு இருந்தால் அது மலைக்குப் போகக் கூடாது.

பின்னால் இரட்டைச் சில்லு. உட்சில்லைப் பிடிப்பது உள்நட்டு, வெளிச்சில்லைப் பிடிப்பது அதன் மேல் வரும் வெளிநட்டு. வெளிநட்டை மட்டும் இறுக்கினால் உட்சில்லு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வெளிநட்டைத் தளர்த்தி, அதன் உள்நட்டை இறுக்கி, மறுபடி வெளிநட்டை இறுக்கிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். சில்லும் நட்டும் பதியும் இடத்தில் பெயின்ற் அடிக்க வேண்டாம், அதனால் நட்டுத் தளரும்.

மேலதிகச் சில்லை வீட்டிலேயே ஒருதரம் கீழே இறக்கி ஏற்றுங்கள். செசிக்குக் கீழே சங்கிலியில் தொங்கும் அது துருப்பிடித்து இறங்காமல் போவது வழக்கம். அதை மரதன்கடவலப் பக்கம் இரவில், யானை வரும் வீதியோரத்தில் நின்று கண்டுபிடிக்கக் கூடாது.

9. மூட்டை ஏற்றி ஓடிப் பார்த்தல்

வெறும் லொறியை ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இருபது நெல் மூட்டை ஏற்றுங்கள். வன்னியில் ஏற்றம் என்று இருப்பது குளக்கட்டுக்கு ஏறும் பாதைதான். அந்தச் சாய்வில் நிறுத்தி ஹான்ட் பிறேக்கை இழுத்துப் பாருங்கள், கீழே யாரும் நிற்காதபடி.

பிறகு ஏ9 வீதியில் ஒரு 40 கிலோமீற்றர் ஓடுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ட்ரம்மிலும் சில துளி தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவி பறந்தால் அந்த லைனர் உரசிக்கொண்டே இருக்கிறது; அட்ஜஸ்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கூலன்ற் மட்டத்தைக் காலையில், எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். அன்றிரவும் கார்ட்போர்ட் மட்டைகளை விரித்து வையுங்கள். முதல் நாள் குறித்த தாளோடு ஒப்பிட்டால் எது நின்றது, எது நிற்கவில்லை என்று தெரியும்.

பயணத்துக்கு மூன்று நாள் முன் எந்த வேலையும் புதிதாகத் தொடங்காதீர்கள். கடைசி இரவில் கழற்றிய சாமான்தான் வழியில் கழரும்.

10. புறப்படும் நாள்

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துவையுங்கள். பதிவுப் புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ அத்தனை பேர்தான். பின்னால் சட்டி பானையும் தறப்பாளும் போகலாம். மச்சானின் பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் ஆட்கள் போகக்கூடாது. ஃபான் பெல்ற் ஒன்று, ரேடியேற்றர் ஹோஸ் ஒன்று, ஐந்து லீற்றர் தண்ணீர், ஜக், பலகை, இரண்டு கட்டை ஆகியவற்றையும் ஏற்றுங்கள்.

இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். நியூற்றலில் விடவே கூடாது. பிறேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்திக் குறைத்து, விட்டு ஆறவையுங்கள். கருகும் மணம் வந்தால் இடம் பார்த்து நிறுத்தி அரை மணித்தியாலம் இருங்கள். சூட்டு ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் ட்ரம்மில் வெடிப்பு விழும்.

கழற்றிப் பூட்டிய சில்லு முதல் 50 கிலோமீற்றரில் கொஞ்சம் இளகும். நாங்கள் ஓமந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது வீல் ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். இடப்பக்கம் பின்னால் இரண்டு நட்டுகள் கால் சுற்று இறுகின.